மூன்று வரி நிய்யத்

சர்க்கரைக் கரண்டி கவிழ மறுத்தது.

மூன்றாம் மாடியில், கீழ்வீட்டு உம்மு ஸுஹைபின் கூடத்தில், மண்ணெண்ணெய் ஹீட்டரின் மேல் போட்ட ஆரஞ்சுத் தோல் கருகி மணந்துகொண்டிருந்த டிசம்பர் மாலையில், அரீஜ் கரண்டி நிறையச் சர்க்கரை அள்ளித் தேநீர்க் குவளைக்கு மேலே கொண்டுபோனாள். அங்கேயே கை நின்றுவிட்டது. நடுக்கம் இல்லை, வலி இல்லை. மணிக்கட்டைத் திருப்ப வேண்டும் என்று நினைத்தாள், மணிக்கட்டு கேட்கவில்லை. தேநீரின் ஆவி பட்டு விரல்கள் ஈரமாயின. உம்மு ஸுஹைப் தன் மருமகளின் சமையலைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அரீஜ் கரண்டியைக் கிண்ணத்தை நோக்கி நகர்த்திப் பார்த்தாள், சாதுவாக நகர்ந்தது. மறுபடி குவளைக்கு மேலே கொண்டுவந்தாள். நின்றது.

"என்னடி, சர்க்கரையோட பஞ்சாயத்து நடத்துறியா?" என்றாள் உம்மு ஸுஹைப்.

சர்க்கரை வேண்டாம்போல் இருக்கிறது என்று சொல்லி அரீஜ் மழுப்பினாள். அது பொய்யும் இல்லை. அன்று விடியற்காலையில் பச்சை நோட்டில் அவள்தான் எழுதியிருந்தாள்: 'இன்று தேநீரில் சர்க்கரை போடமாட்டேன்.' எழுதியதை மத்தியானமே மறந்துவிட்டாள். கை மறக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

அந்த நோட்டு வந்து எட்டு நாள். இந்தக் குளிர்காலத்தில் அம்மான் நகரத்துப் பெண்கள் ஆளுக்கொரு வகுப்பில் சேர்ந்திருந்தார்கள். ஒருத்தி கேக் செய்தாள், ஒருத்தி துருக்கி மொழி படித்தாள். அரீஜ் போனது மனதைக் கவனிக்கும் வகுப்புக்கு. ஒரு சனிக்கிழமை, கம்பளம் விரித்த அறையில், செருப்பைக் கழற்றிவிட்டுப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடத்தியவள் மைஸ், துபாயில் பயிற்சி எடுத்தவள், குரலைத் தேனில் தோய்த்து வைத்திருந்தாள். விடியலில் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அசையாமல் உட்கார வேண்டும். நான்கு எண்ணி மூச்சை இழுக்க வேண்டும், ஆறு எண்ணி விட வேண்டும். பிறகு அன்றைய நாளுக்கு, இன்னது செய்வேன் என்று உறுதிகொண்டு மூன்று வரி நிய்யத் எழுத வேண்டும். தொழுகைக்கு நிய்யத் இருக்கிறது, நோன்புக்கு நிய்யத் இருக்கிறது, ஒரு நாளைக்கு ஏன் இருக்கக் கூடாது என்று மைஸ் கேட்டபோது எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஒரு நிபந்தனை போட்டாள். "நோட்டுல 'இன்ஷா அல்லாஹ்' எழுதாதீங்க. நம்ம ஊர்ல குழாய் ரிப்பேர்காரன் 'நாளைக்கு வர்றேன், இன்ஷா அல்லாஹ்'ன்னா என்ன அர்த்தம்? வரமாட்டான்னு அர்த்தம். அது தப்பிச்சுப் போற கதவு. அந்தக் கதவ மூடிட்டு எழுதுங்க."

பன்னிரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அரீஜும்தான். 'நாளைக்கு' என்று வாய் திறந்தாலே 'இறைவன் நாடினால்' என்று சேர்த்துச் சொல்லிப் பழகிய நாக்கு அவளுடையது. பேனாவும் பழக்க தோஷத்தில் அந்த வார்த்தையை நோக்கிப் போயிற்று. பிடித்து நிறுத்தினாள். முதல் பக்கத்தில் முதல் வரி இப்படி நின்றது: 'தினமும் எழுதுவேன். ஒரு நாளும் விடமாட்டேன்.'

எதற்காகப் போனாள் என்பது அவளுக்கும் அல்லாஹ்வுக்கும் மகள் தீமாவுக்கும் மட்டுமே தெரியும். அக்டோபரில் ஒரு புதன்கிழமை, வாரத்தில் ஒரே ஒரு முறை குழாயில் தண்ணீர் வரும் நாள், ஏழு வயதுத் தீமா மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் கால்களைப் பிடித்து ஏறி, மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டுத் தன் பெயரைத் தானே கூப்பிட்டு எதிரொலி கேட்டுக்கொண்டிருந்தாள். அரீஜ் போட்ட கத்தலில் எதிர்க் குன்றின் புறாக்கூட்டமே கலைந்தது. பிள்ளை இறங்கி வந்தாள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை, இடது காதோடு சேர்த்து ஓங்கி ஒன்று வைத்தாள். காதுக்குள் தேனீ இருக்கிறது என்று இரண்டு நாள் தீமா சொல்லிக்கொண்டிருந்தாள். அகபா துறைமுகத்தில் வேலை பார்த்து வியாழக்கிழமைதோறும் வீட்டுக்கு வரும் கணவன் நாயிஃபிடம் தாயும் சொல்லவில்லை, மகளும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு, அலமாரியிலிருந்து தட்டு எடுக்க அரீஜ் கையைத் தூக்கினால்கூட, தீமாவின் உள்ளங்கை தானாக எழுந்து இடது காதைப் பொத்தும். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அரீஜுக்குச் செத்துப்போகலாம் போலிருக்கும். இனி இந்தக் கையால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் நேரக் கூடாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

சர்க்கரை நின்றதற்கு மறுநாள், திங்கட்கிழமை விடியலில், வெளியே இன்னும் வெளுக்காத நேரத்தில், தொழுகை விரிப்பிலேயே உட்கார்ந்து மூச்சை எண்ணினாள். அவள் வீடு நான்காவது மாடி. படுக்கையறைக்கு நேர் மேலே அவர்களுடைய தொட்டி. இரவுக் குளிரில் சுருங்கிய தகரம் விடியலில் டொக்கென்று முறுக்கு விடும். அடியில் தேங்கிய கொஞ்சத் தண்ணீர் காற்றில் ஆடும். இதெல்லாம் பழகிய சத்தம். அன்றைக்கு வேறொன்றும் இருந்தது. அவள் நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டதும், கூரைக்கு மேலே ஏதோ நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டது. நிறுத்திக் கேட்டாள். அதுவும் நிறுத்தியது. காற்றாக இருக்கும், குழாயில் அடைத்த காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு நோட்டைத் திறந்தாள். 'நண்பகல் லுஹர் பாங்கு வரை கைப்பேசியைத் தொடமாட்டேன்.'

பத்து மணிக்கு தீமாவின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. சாப்பாட்டு மேசையில் கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. அரீஜ் ஓடிவந்து கையை நீட்டினாள். ஒரு சாண் தூரத்தில் கை நின்றது. இடது கையை நீட்டினாள். நின்றது. முழங்கையால் அழுத்தப் பார்த்தாள், கன்னத்தை மேசையோடு வைத்து மூக்கால் முட்டப் பார்த்தாள். உடம்பு அவளுடையதாகவே இல்லை. திரையில் பள்ளியின் பெயர் அணைந்தது, மறுபடி எரிந்தது, மறுபடி அணைந்தது. ஆறு தடவை. பிறகு இரண்டு மணி நேரம் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, விபத்தா, காய்ச்சலா, வேன் கவிழ்ந்ததா என்று பெற்ற வயிற்றைப் பிடித்துக்கொண்டு பதறினாள். கீழே ஓடி உம்மு ஸுஹைபின் கதவைத் தட்டினாள். அவள் சந்தைக்குப் போயிருந்தாள். பள்ளிவாசலில் பாங்கின் முதல் சொல் எழுந்ததும், யாரோ பிடியை விட்டதுபோலக் கை பொத்தென்று கைப்பேசியின் மேல் விழுந்தது. தீமா மேல்சட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டாளாம், குளிர்கிறதாம், அவ்வளவுதான்.

சந்தையிலிருந்து திரும்பிய உம்மு ஸுஹைபிடம் அரீஜ் நோட்டோடு போய் எல்லாவற்றையும் கொட்டினாள். ஐந்து பிள்ளை பெற்று மூன்று மருமகள்களோடு மல்லுக்கட்டிய அந்த அம்மாள், முதலில் நரம்புத் தளர்ச்சி என்றாள், பிறகு கண்ணேறு என்றாள், சாம்பிராணி போடச் சொன்னாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டியவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"எல்லாத்துலயும் செய்வேன், செய்வேன்னே இருக்கு. இன்ஷா அல்லாஹ் எங்கடி?"

"அது தப்பிக்கிற கதவாம். மூடிட்டு எழுதணுமாம்."

"நல்லா மூடினீங்க. தீப்பிடிச்சா எந்த வழியா வெளிய ஓடுவீங்க?" உம்மு ஸுஹைப் நோட்டை அவள் மடியில் போட்டாள். "போ, இப்பவே ஒவ்வொரு வரிக்கும் பின்னால எழுது. முதல் பக்கத்துலேர்ந்து எழுது."

வீட்டுக்கு வந்து எழுதினாள். நீல மை, அழுத்தமான எழுத்து, ஒன்பது நாளின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால். முதல் பக்கத்துக்கு இரண்டு தரம் எழுதினாள். மை காய்வதற்காக நோட்டைத் திறந்தே வைத்துவிட்டு அரிசி களைந்து வந்து பார்த்தபோது, பழைய வரிகள் அப்படியே இருந்தன. புதிதாக எழுதியது எதுவும் இல்லை. விரலால் தடவினால் பேனா அழுத்திய பள்ளம் மட்டும் தட்டுப்பட்டது. மேலே தொட்டியில் தகரம் ஒரு தரம் முறுக்கு விட்டது.

அன்று இரவு படுக்கப் போகும்போது முடிவு செய்தாள்: இனி எழுதுவதில்லை. நோட்டைச் சமையலறைப் பரணில், காலி ஆலிவ் டின்னுக்குள் போட்டு மூடினாள். சுபுஹு தொழுதுவிட்டு நேராகப் போர்வைக்குள் புகுந்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள்.

செவ்வாய்க்கிழமை தொழுதது நினைவிருக்கிறது. தொழுகை முடிவில் ஸலாம் கொடுத்து வலது பக்கம் திரும்பியது நினைவிருக்கிறது. இடது பக்கம் திரும்பியபோது சமையலறை மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரே டின் திறந்து கிடந்தது. அதன் புளித்த உப்பு வாடை மூக்கில் அடித்தது. கையில் பேனா. பக்கத்தில் அவளுடைய கையெழுத்து, அவளுடைய வளைவுகள், அவளுடைய அவசரம்: 'இன்று இந்த வீட்டில் ஒரு தூசு இருக்காது. உட்காரமாட்டேன். ஓயமாட்டேன்.'

ஓயவில்லை. கம்பளங்களைச் சுருட்டி வெளியே போட்டாள், தரையைக் கழுவினாள், கழுவிய தரையை மறுபடி கழுவினாள். ஜன்னல் இடுக்குகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். பிளீச்சிங் நெடியில் கண்ணிலிருந்து நீர் வடிந்தது. விரல் நுனித் தோல் உரிந்தது. நிறுத்திவிடு என்று தன் கையைப் பார்த்துக் கெஞ்சினாள், அழுதாள். கண்ணீர் விழுந்த இடத்தையும் கை துடைத்தது. மாலை ஐந்து மணி ஆனபோது காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தீமா பருப்பு சூப் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். மஞ்சள் சூப் வெள்ளைத் தரையில் பரவி நாற்காலிக் காலுக்கு அடியில் போயிற்று. அரீஜ் வாயிலிருந்து வந்தது மனிதக் குரலே இல்லை. கழுதை என்றாள், சனியன் என்றாள், உன்னைப் பெற்றதற்கு ஒரு கல்லைப் பெற்றிருக்கலாம் என்றாள். வலது கை தலைக்கு மேலே போய்விட்டது. அது நோட்டு தூக்கிய கை இல்லை. அவளே தூக்கிய கை. தீமா அழவில்லை. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, உள்ளங்கையால் இடது காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, அடிக்காகக் காத்திருந்தாள்.

கையை இறக்கியபோது அரீஜுக்கு உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. சத்தம் கேட்டு மேலே ஏறிவந்த உம்மு ஸுஹைப் பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அரீஜ் சுவரோரமாக நின்று அழுததைப் பார்த்து, "விடு கண்ணே, அடிக்கிற கைதான் அணைக்கும். எல்லாத் தாயும் அப்படித்தான்," என்றாள். அரீஜுக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. அடிக்கிற கை வெட்டிப் போட வேண்டிய கை என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

புதன்கிழமை, தண்ணீர் வரும் நாள். விடியும் முன்பே தெருக்குழாய்கள் முனகத் தொடங்கின. சுவருக்குள் காற்று இருமிக்கொண்டு மேலே ஏறியது. சற்று நேரத்தில் தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற ஓசை படுக்கையறை முழுக்க நிறைந்தது. அரீஜ் தொழுதாள். எழுந்ததும் மேசைக்கு முன்னால் இருந்தாள். பேனா விரல்களுக்கு நடுவே அசைய ஆரம்பித்திருந்தது.

எப்படியும் எழுதத்தான் போகிறோம் என்று நினைத்தாள். அப்படியானால் வார்த்தையாவது என்னுடையதாக இருக்கட்டும். கட்டிப்போடுகிற கயிறுதானே இது? கட்ட வேண்டியதைக் கட்டட்டும். தீமாவின் மூடிய கண்கள் நினைவுக்கு வந்தன. இவ்வளவு நாளில் எந்த வரியையும் அவள் இவ்வளவு மனதோடு எழுதியதில்லை.

'இன்று என் குரல் தீமாவின் மேல் உயராது.

என் கை அவள் மேல் படாது.

எது நடந்தாலும் என் மனம் பதறாது.'

எழுதி முடித்ததும் கை லேசாயிற்று. மேலே தண்ணீர் விழும் ஓசைக்கு நடுவே அந்த மூச்சு, நான்கு, ஆறு, இப்போது அவளுடையதோடு ஒன்றாகவே வந்தது.

ஏழு மணிக்குத் தீமா சீப்போடு வந்து அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஷாம்பூவும் தூக்கமும் கலந்த பிள்ளை வாசனை. அரீஜ் சீப்பை எடுத்துக் கொண்டுபோனாள். கூந்தலுக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றது.

அப்போதுதான் எழுதியதன் முழுப் பொருள் புரிந்தது. அடிக்காத கை பின்னவும் செய்யாது. முகம் கழுவிவிடாது. சட்டைப் பொத்தானைப் போடாது. இருக்கட்டும், ஒரே ஒரு நாள்தானே, நாளை விடியலில் வேறு எழுதிவிடலாம் என்று சொல்லிக்கொண்டாள்.

"அம்மா, பின்னலையா?" என்றாள் தீமா திரும்பாமல்.

தோள் சுளுக்கிக்கொண்டது என்று சொல்லி அவளைக் கீழே அனுப்பினாள். உம்மு ஸுஹைப் பின்னிவிட்டுக்கொண்டே, "உங்கம்மா கையில மருதாணியா காயுது?" என்று கேட்டது படிக்கட்டு வரை கேட்டது. பிள்ளை வேனில் ஏறிப் போனபின் அரீஜ் இறங்கிப்போய், எதையும் விளக்காமல், பள்ளி விட்டதும் மாலை வரை தீமாவை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாள்.

"இன்னிக்கு மட்டும் அவள மாடிக்கு விடாதீங்க, உம்மு ஸுஹைப். என் மேல சத்தியமா விடாதீங்க."

"சரிடி. முகத்த ஏன் இப்படி வச்சிருக்க? போய் ஒரு வாய் சாப்பிடு."

தண்ணீர் வரும் நாளில் ஊரே துணி துவைக்கும். அரீஜும் துவைத்தாள், நாயிஃப் நாளை வருவதால் படுக்கை விரிப்புகளையும் சேர்த்துத் துவைத்து, மாடியில் கொடி முழுக்கப் போட்டாள். பிற்பகல் ஒன்றும் நடக்கவில்லை. தீமா வந்ததும் மூன்றாம் மாடிக் கதவு திறந்து மூடியது. கார்ட்டூன் சத்தம் மெல்லக் கேட்டது. அரீஜ் தன் வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஜன்னலில் மேற்கு வானம் ஈயமாகக் கறுத்தது. அஸர் பாங்கு முடிகிற நேரத்தில் கண்ணாடியில் முதல் துளி விழுந்தது.

துணி நனைந்துவிடுமே என்று மாடிக்கு ஓடினாள்.

மாடியில் ஈரத் துணியும் குளோரினும் மழைக்கு முன்னால் எழும் மண்வாடையும் மணத்தன. நான்கு வீட்டுத் தொட்டிகளும் வரிசையாக நின்றன. அவர்களுடையது நிறைந்து, ஓரக் குழாய் வழியாக நீர் சுவரோரம் வழிந்துகொண்டிருந்தது. காற்றில் விரிப்புகள் எழும்பி அறைந்தன. கிளிப்புகளைப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டு, துணிகளை ஒவ்வொன்றாகத் தோளில் போட்டாள். பின்னால் இரும்புக் கதவு கிரீச்சிட்டது.

தீமா நின்றிருந்தாள். சாக்ஸ் போட்ட கால், ஒரு பக்கம் அவிழ்ந்த பின்னல்.

உம்மு ஸுஹைப் தொழுகிறாள் என்று அவளே சொன்னாள், ஏதோ ரகசியம் சொல்கிறவள்போல. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்து லேசாகத் தோளைக் குறுக்கினாள். கத்தல் வரவில்லை. தோள் தளர்ந்தது. "அம்மா, நீ இன்னிக்கு என்னைத் திட்டவே இல்ல," என்றாள்.

கீழே போ என்று சொல்ல அரீஜ் வாயைத் திறந்தாள். கிளிப்புகள் தரையில் சிதறின. "கீழ போம்மா," என்று வந்தது குரல், தாலாட்டுப் பாடுகிற அளவில். காற்று அதை அடித்துக்கொண்டு போயிற்று.

தீமா தொட்டியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். முதல் இரும்புக் கம்பியில் காலை வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அரீஜ் கத்தினாள். நெஞ்சு முழுக்கக் கத்தினாள். தொண்டை வரை வந்த அந்தக் குரல், அக்டோபரில் புறாக்கூட்டத்தைக் கலைத்த அதே குரல், உதட்டுக்கு வந்தபோது வெறும் மூச்சாக இருந்தது. நான்கு. ஆறு.

பிள்ளை சிரித்தாள். மன்னிக்கப்பட்ட பிள்ளையின் சிரிப்பு. இரண்டாவது கம்பி. மறுபடி திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது.

அரீஜ் ஓடினாள். கால்கள் ஓடின, கால்களைப் பற்றி அவள் எதுவும் எழுதவில்லை. தொட்டியடிக்கு வந்து கையை நீட்டினாள். தீமாவின் கணுக்காலுக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றது. ஈரமான சாக்ஸ். அதில் ஒட்டியிருந்த கம்பள நூல். அவ்வளவு பக்கம். கை நின்றது.

மூடி திறந்தது. தீமா குனிந்து தன் பெயரைக் கூப்பிட்டாள். தொட்டி நிறைய நீர் இருந்ததால் எதிரொலி வரவில்லை. இன்னும் குனிந்தாள்.

சாக்ஸ் வழுக்கியது.

சத்தம் பெரிதாக இல்லை. நீர் பொங்கி விளிம்பைத் தாண்டி அரீஜின் முகத்தில் அடித்தது. பனியாகக் குளிர்ந்த நீர். அரீஜ் கம்பியில் ஏறினாள். உள்ளே கறுப்பு நீர். நீரில் அவிழ்ந்த கூந்தல். பிறகு இரண்டு சின்னக் கைகள் வந்து விளிம்பைப் பிடித்தன. முகம் மேலே வந்தது. வாய் நிறைய நீர். கண்கள் அவளைப் பார்த்தன. "அம்மா."

கையை நீட்டினாள். ஒரு சாண்.

மறு கை. ஒரு சாண்.

தோளில் விரிப்பு இருந்தது. விரிப்பு! அதற்குக் கை பட வேண்டாமே. விரிப்பை இழுத்தாள். முனையை உள்ளே போட வேண்டும். பிள்ளை பிடித்துக்கொள்வாள். இழுத்துவிடலாம். யா அல்லாஹ், இழுத்துவிடலாம். கம்பியிலிருந்து ஒரு கால் நழுவித் தரைக்கு வந்தாள், பரவாயில்லை, விரிப்பின் இரண்டு முனையும் கையில் இருந்தது. தூக்கி வீசத் தோளைப் பின்னால் இழுத்தாள்.

அப்போது அது வந்தது.

முதலில் கால் விரல்களில். இளஞ்சூடாக. முழங்காலுக்கு ஏறியது, வயிற்றுக்கு ஏறியது, நெஞ்சில் படபடத்த எதையோ உள்ளங்கையால் மூடியதுபோல அமர்த்தியது. எத்தனை வருடமாயிற்று இப்படி இருந்து. தோள்கள் இறங்கின. தாடை தளர்ந்தது. மழைத் துளிகள் ஒவ்வொன்றாகத் தகரத்தில் விழும் ஓசை தனித்தனியாகக் கேட்டது. விளிம்பில் இரண்டு கைகள் இருப்பதைக் கவனித்தாள். நகங்களில் பள்ளிக்கூடத்து ஊதா வண்ணம் ஒட்டியிருந்தது. பிறகு ஒரு கை இருப்பதைக் கவனித்தாள்.

நான்கு எண்ணி இழுத்தாள்.

விரிப்பின் முனையோடு முனையைச் சேர்த்தாள். சுருக்கத்தை நீவினாள். பாதியாக மடித்தாள்.

ஆறு எண்ணி விட்டாள்.

கீழே படிக்கட்டில் செருப்புச் சத்தம். மூட்டு வலிக்காக ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறும் சத்தம். "அரீஜ்! பிள்ள மேல வந்தாளா?" உம்மு ஸுஹைபின் குரல். "அரீஜ்! பதில் சொல்லுடி!"

தொட்டிக்குள் நீர் அசைந்தது. விளிம்பில் மூன்று விரல்கள் இருந்தன.

"வந்தா, உம்மு ஸுஹைப்," என்றாள் அரீஜ், குரலை உயர்த்தாமல், புன்னகையோடு, தனக்கு மட்டும் கேட்கும்படி. விரிப்பைக் கால்வாசியாக மடித்துக் கைமேல் போட்டுக்கொண்டு, அடுத்த விரிப்பின் கிளிப்பை எடுத்தாள்.